ஆம்பூர் ப்ரோ

மூன்று வருடம் என்னை ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தோடு நான் தினமும் பேசினேன். அவர்களிடம் நான் பொய் சொல்லவில்லை. தமிழில் ‘வர்றேன்’, ‘சாப்டேன்’, ‘வேலைக்குக் கிளம்பிட்டேன்’ என்று எழுதிக்கொண்டே போனால், எழுதுகிறது ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நான் ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைன் என்னுடையது. முப்பத்தெட்டு மெஷின், முப்பத்தெட்டு பெண்கள். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்குப் பத்து நிமிடம், கம்பெனி பஸ்ஸில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். என் நாளில் போன் பார்க்கக் கிடைக்கிற நேரம் இவ்வளவுதான். இந்த நேரம் முழுக்க கபடிக்குப் போனது.

பள்ளிக்கூடத்தில் நான் லெஃப்ட் கார்னர் ஆடினேன். பாடிக்கொண்டு வருகிற ஆள் திரும்புகிற நேரம் பார்த்து கணுக்காலைப் பிடிக்கிற இடம் அது. பிளஸ் டூ முடித்ததும் கம்பெனிக்கு வந்துவிட்டேன். பிறகு டிவியில் லீக் ஆட்டங்கள் வர ஆரம்பித்தபோது, பாடிப் போகிற ரெய்டர் ஒருவரை எனக்குப் பிடித்துப்போனது. ஒல்லியான ஆள். எதிராளி பக்கத்தில் போய் அவசரப்படவே மாட்டார். பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது என்பதுபோல நிற்பார், பிறகு தொட்டுவிட்டு வந்துவிடுவார்.

ஒருநாள் அவர் ஆடிய ஆட்டத்தின் வீடியோவுக்குக் கீழே யாரோ அவரைத் திட்டி எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ‘கோட்டுக்கு வெளிய கால் வச்சது ரெய்டர் இல்ல, டிஃபெண்டர். நல்லா நிறுத்தி நிறுத்திப் பாருங்க’ என்று எழுதினேன். அதற்குக் கீழே ஒருவர் ‘கரெக்ட் ப்ரோ. நம்ம குரூப்புக்கு வாங்க’ என்று லிங்க் கொடுத்தார். போனேன். அந்தக் குரூப்பில் யாருடைய நம்பரும் யாருக்கும் தெரியாது. என் படத்துக்குப் பதில் அந்த ரெய்டரின் படம். பெயர் போட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும். பெண் பெயர் தெரிந்தால் எங்கெங்கிருந்தோ ‘ஹாய்’ வரும், அதற்காக எல்லா இடத்திலும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

‘எந்த ஊர் ப்ரோ?’

‘ஆம்பூர்.’

‘அய்யோ, பிரியாணி!’

அன்றிலிருந்து நான் ஆம்பூர் ப்ரோ. அங்கே எல்லோருக்கும் ஊர்தான் பெயர். நூறு பேருக்கு மேல் இருந்தாலும் தினமும் பேசுகிறவர்கள் நான்கைந்து பேர். தேனி, ஏலக்காய் மண்டியில் வேலை, ஐம்பது வயது இருக்கும். ஷார்ஜா, அங்கே ஏசி மெக்கானிக், சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். துறையூர், இருபத்தாறு வயதுப் பையன், கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் கட்டுகிறவன்.

கபடி வருடத்தில் மூன்று மாதம் நடக்கும். மீதி ஒன்பது மாதம் பேசுவதற்கு ஒன்றும் கிடையாது. அந்த ஒன்பது மாதத்தில்தான் நாங்கள் நிறையப் பேசினோம்.

‘இன்னைக்கும் புளிக்குழம்புதான்யா’ என்று தேனி ஆரம்பிப்பார்.

‘எனக்குக் காய்ஞ்ச ரொட்டி. புளிக்குழம்பு கெடைச்சா சொத்தை எழுதிக் குடுப்பேன்’ என்பார் ஷார்ஜா.

‘ஆம்பூர் ப்ரோ என்ன, பிரியாணியா?’

‘தயிர் சாதம், வடகம்.’

‘ஆம்பூர்ல இருந்துக்கிட்டு தயிர் சாதம் சாப்பிடுற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்’ என்பான் துறையூர்.

‘தெனம் பிரியாணி துன்னா வேலைக்கு எவன் போவான்? இன்னாபா பேசற நீ?’

இந்த ‘இன்னா’வைப் பிடித்துக்கொண்டு தேனி ஒரு வாரம் ஓட்டினார். ‘மெட்ராஸ்காரனா நீ?’ என்றார். மெட்ராஸ் இல்லை, எங்கள் பக்கமே இப்படித்தான் என்றேன். ‘ஜாஸ்தி’, ‘கம்மி’, ‘பேஜாரு’ என்று நான் எழுதுகிற வார்த்தைகளையெல்லாம் அவர் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். அவர் ‘வந்துக்கிட்டு இருக்கேன்’ என்று எழுதினால் வரவே மாட்டார் என்று நான் பதிலுக்குச் சொல்வேன்.

வேலூர் வெயில், தேனியில் சாரல், ஷார்ஜாவில் புழுக்கம். யாருக்குப் பல்வலி, யார் வீட்டில் மிக்ஸி ரிப்பேர். இதற்கெல்லாம் ஒரு குரூப்பா என்று நானே கேட்டுக்கொள்வேன். லைனில் நான் காலை முதல் மாலை வரை பேசுகிறவள்தான். ஆனால் அங்கே என் பேச்சு எல்லாம் ‘இந்த ஜோடி தையல் கோணல், பிரிச்சுத் தை’ என்கிற மாதிரிதான். இவர்கள் என்னிடம் வேலை சம்பந்தமாக எதுவும் எதிர்பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கெட்ட வார்த்தைகளும் வரும். அந்த மாதிரி வீடியோவும் சில நாள் வரும். நான் பேசாமல் தாண்டிப் போய்விடுவேன். ‘ஆம்பூர் ப்ரோ ரொம்ப டீசன்ட்’ என்று முடிவுகட்டி விட்டார்கள். ‘கல்யாணம் ஆச்சா ப்ரோ?’ என்று ஒருமுறை கேட்டார்கள். ‘ஆச்சு. ஒரு பொண்ணு, ஒம்போதாவது படிக்கிறா.’ ‘வீட்ல வேலைக்குப் போறாங்களா?’ ‘ம், தோல் வேலைதான்.’ என் வீட்டுக்காரர் பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் தோலைப் பதப்படுத்தச் சுழற்றுகிற டிரம் ஓட்டுகிறார். எல்லாமே உண்மை. அவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள்.

ஒருநாள் கம்பெனியில் புது அடையாள அட்டை கொடுத்தார்கள். போட்டோ கண்றாவி. ‘போட்டோல நானே இல்ல, ரத்த வகை மட்டும் கரெக்ட், ஓ நெகட்டிவ்’ என்று எழுதினேன். உடனே ஆளாளுக்குத் தங்கள் ரத்த வகையைச் சொன்னார்கள். தேனிக்குத் தன்னுடையது தெரியவில்லை. ‘ஏலக்காய் வாசம் அடிக்கும், அதான் தெரியும்’ என்றார். அந்தச் சாப்பாட்டு நேரம் அதிலேயே போயிற்று.

துறையூரோடு எனக்கு நெருக்கம் வந்தது ஒரு கல்யாணத்தினால். அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகி, கல்யாணத்துக்கு மைக் செட் கட்ட இவனையே கூப்பிட்டிருந்தார்கள். முகூர்த்தத்தன்று காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவன் எனக்குத் தனியாக எழுதினான்.

‘மண்டபத்து வாசல்ல நிக்கிறேன் ப்ரோ. உள்ள போகவே முடியல.’

‘வேற ஆள் இருந்தா அனுப்பிட்டு வீட்டுக்குப் போ.’

‘ஆள் இல்ல ப்ரோ.’

‘அப்ப போ. ஒயரைப் பாரு, பாக்ஸைப் பாரு, மேடையைப் பாக்காத. நாதஸ்வரக்காரர் மைக் கேப்பாரு, அதைக் குடு.’

நாற்பது நிமிடமும் அவனோடுதான் இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரி ‘யாருக்கா, வீட்லயா?’ என்று கேட்டாள். ‘ஆமா’ என்றேன். கடைசியில் ‘தாலி கட்டியாச்சு. மைக் நல்லா கேட்டுச்சு’ என்று ஒரு வரி வந்தது. நான் போனை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போனேன்.

அதற்கு அடுத்த வருடம் அவன் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திருச்சியில் பார்த்துவிட்டு இருதயத்தில் வால்வு பழுது, வேலூருக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குரூப்பிலேயே எழுதினான்: ‘அப்பாவோட வேலூர் வர்றேன். ஊரு தெரியாது, பாஷை தெரியாத ஊர்னு வேற சொல்றாங்க. ஆம்பூர் ப்ரோ இருக்காரு, அந்தத் தைரியந்தான்.’ உடனே தேனி, ‘ஆம்பூரு பாத்துக்குவான். நீ பயப்படாம போ’ என்றார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு இந்தக் குரூப் பற்றி ஆரம்பம் முதலே தெரியும். ‘உன் தோஸ்துங்க’ என்பார். நான் போனைப் பார்த்துச் சிரித்தால், ‘இன்னாவாம் தேனிக்கு?’ என்று கேட்பார்.

“உண்மையச் சொல்லிடேன்” என்றார்.

“மூணு வருஷம் கழிச்சா? அப்பாவுக்கு ஆபரேஷன்னு வர்றான். இந்த நேரத்துல போய், நான் அவரு இல்ல, நான் பொம்பளைன்னு சொன்னா இன்னா நினைப்பான்?”

“அப்ப போவாத.”

“நம்பி வர்றான்ங்க.”

அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். பிறகு வந்து, “சரி, நான் வர்றேன். நான்தான் ஆம்பூர்னு சொல்லிக்கலாம். நீ என் பொண்டாட்டி. அது பொய் இல்லையே?” என்றார்.

“உங்களுக்குக் கபடி தெரியுமா?”

“பாடிக்கினு போவான், புடிப்பாங்க. அவ்ளோதானே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வேறு வழியும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டோம். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு எல்லாம் தூக்கில் கட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

“நம்ம ஆளு எந்தப் பக்கமா உள்ள போவாரு?”

“லெஃப்ட்.”

“ரைட்டுங்க. தேனி யாரு?”

“ஏலக்காய்.”

“ஷார்ஜா?”

“ஷார்ஜாவுல இருக்கறவரு.”

முன்சீட்டுக்காரர் திரும்பி எங்கள் இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள சந்தில் ஒரு லாட்ஜில் அவர்கள் அறை எடுத்திருந்தார்கள். அந்தச் சந்தில் பாதி போர்டு வங்காளியில் இருக்கும். அங்கிருந்து வைத்தியத்துக்கு வருகிற கூட்டம் அவ்வளவு. மெஸ்களில் கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிற வாசம். லாட்ஜ்காரர் எங்களைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பித்தார். தமிழில் பதில் சொன்னதும் அவருக்கே நிம்மதியாக இருந்தது.

துறையூர் மாடிப்படி இறங்கி வந்தான். நான் நினைத்ததைவிடக் குட்டை, நினைத்ததைவிட ஒல்லி. என்னைத் தாண்டிப் போய் என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்தான். “ப்ரோ!” என்றான்.  இவர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தபடி என்னைப் பார்த்தார். பிறகு அவன் என் பக்கம் திரும்பி, “வணக்கம் அண்ணி” என்றான்.

அவன் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. பெரிய கைகள். நாலு வார்த்தை பேசினால் ஒருமுறை மூச்சுக்கு நின்றார். “எம்மவன் உங்களப் பத்திப் பேசாத நாளில்ல தம்பி” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான ஆள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

சாப்பாட்டைப் பிரித்து வைத்தேன். முந்தின நாளிலிருந்து அந்தக் கடுகெண்ணெய் வாசம் ஒத்துக்கொள்ளாமல் பிஸ்கட்டில் ஓட்டியிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே துறையூர், “ப்ரோ, செமி ஃபைனல் கடைசி ரெய்டுல போனஸ் எடுத்திருக்கணும்னு சொன்னீங்கல்ல, அதை அப்பாகிட்ட சொல்லுங்க. அப்பாவும் சின்ன வயசுல ஆடுனவரு” என்றான்.

எதிராளி பக்கத்தில் தூரமாகப் போய், அங்கே போட்டிருக்கிற கோட்டை ஒரு காலால் தாண்டினால் கிடைக்கிற புள்ளி அது. என் வீட்டுக்காரருக்கு போனஸ் என்றால் ஒன்றுதான் தெரியும்.

“ஆமாமா. அதெல்லாம் தீபாவளிக்கு முன்னாடியே எடுத்திருக்கணும்” என்றார்.

 பிறகு துறையூர் விழுந்து விழுந்து சிரித்தான். “குரூப்ல பேசற மாதிரியேதான் நேர்லயும்” என்றான். பெரியவரும் சிரித்தார். நான் அவசரமாக, “எதிர்ல ஆறு பேர் நின்னாங்கல்ல, ஆறு பேர் இருந்தாதான் போனஸ் கெடைக்கும். அப்ப தொடப் போனது தப்பு, காலை வச்சிட்டு வந்திருந்தா போதும்னு இவரு சொல்வாரு” என்றேன். பெரியவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்ததும் துறையூர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான். ஆபரேஷன் வியாழக்கிழமை. ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லியிருந்தார்கள்.

“அப்பாவுக்கு ஓ நெகட்டிவ். லேசுல கெடைக்காதாம். நான் பி பாசிட்டிவ், எனக்குச் சேராது.” என் வீட்டுக்காரரைப் பார்த்தான். “ப்ரோ, நீங்க ஓ நெகட்டிவ்னு ஒருநாள் குரூப்ல சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. கேக்கக் கூச்சமா இருக்கு. குடுப்பீங்களா?”

இவர் ஏ பாசிட்டிவ். என்னைப் பார்த்தார். 

“நான் குடுக்கறேன்” என்றேன்.

“அண்ணி, உங்களுக்கும் அதேவா?”

“இவருக்கு அது இல்ல தம்பி. எனக்குத்தான். ஆம்பூர் நான்தான்.”

அவனுக்குப் புரியவில்லை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவன் காலையில் ‘ப்ரோ, எங்க வர்றீங்க?’ என்று கேட்டதும், பஸ்ஸில் இருந்தபடி நான் ‘பள்ளிகொண்டா தாண்டிட்டோம்’ என்று எழுதியதும் அதில் இருந்தது.

பெரியவர்தான் முதலில் பேசினார். என் வீட்டுக்காரரைக் காட்டி, “அப்ப இந்தத் தம்பி யாரு?” என்றார்.

“நான் இவங்க வீட்டுக்காரருங்க. எனக்குக் கபடி தெரியாது” என்றார் இவர்.

துறையூர் எழுந்து வெளியே போய்விட்டான். படி இறங்குகிற சத்தம் கேட்டது. நான் தூக்கை மூடி ஓரமாக வைத்தேன். இத்தனை தூரம் வந்து நோயாளி முன்னால் நாடகம் போட்டோமே என்று வெட்கமாக இருந்தது. பெரியவர், “வருவான், உட்காரும்மா” என்றார். பிறகு, “நீ எந்த எடத்துல ஆடுன?” என்று கேட்டார்.

“லெஃப்ட் கார்னர்.”

“கணுக்காலா?”

“ஆமாங்க.”

“நான் இடுப்பு” என்றார். மூச்சு வாங்கியது. அதற்கு மேல் பேச வேண்டாம் என்று நான் கை காட்டினேன்.

கால் மணி நேரம் கழித்து துறையூர் வந்தான். கையில் போன். கண் சிவந்திருந்தது. கோபமா அழுகையா தெரியவில்லை.

“எவ்வளவு கெட்ட வார்த்தை போட்ருக்கேன்” என்றான். “அந்த மாதிரி வீடியோல்லாம் போட்ருக்கேன். நீங்க பாத்துட்டுதான் இருந்திருக்கீங்க. எல்லாத்தையும் அழிச்சிடலாம்னு மேல மேல போனேன். முடியல. மூணு வருஷம் இருக்கு.”

“நான் அதையெல்லாம் தாண்டிப் போயிடுவேன் தம்பி.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம். சொல்லல. தப்புதான்.”

அவன் சீட்டை எடுத்துக்கொண்டு, “போலாமா?” என்றான்.

ரத்த வங்கியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, எடை, கடைசியாக என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகக் கேள்வி. அதில் ‘நோயாளிக்கு உறவு’ என்று ஓர் இடம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். பக்கத்தில் நின்ற துறையூர் எட்டிப் பார்த்து, “ஃப்ரெண்டுன்னு எழுதுங்க” என்றான். எழுதினேன்.

எனக்கு வேறு பயம் இருந்தது. எங்கள் லைனில் பாதிப் பெண்களுக்கு ரத்தம் கம்மி. வருடா வருடம் கம்பெனி டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். விரல் நுனியில் குத்திப் பார்த்த நர்ஸ், “கரெக்டா இருக்கு, வாங்க” என்றதும்தான் மூச்சு விட்டேன். படுக்க வைத்துக் கையில் ஒரு பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஊசியைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. துறையூர்தான் ஒரு மாம்பழ ஜூஸ் டப்பாவைக் கையில் பிடித்தபடி காலருகே நின்றான்.

ரொம்ப நேரம் கழித்து, “அந்தக் கல்யாணத்தன்னைக்குக் காலைல எங்கூடப் பேசுனது நீங்கதானே? அண்ணன் இல்லையே?” என்று கேட்டான்.

“நான்தான். கம்பெனி பஸ்ல இருந்தேன்.”

“சரி” என்றான். டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்தி என் கையில் கொடுத்தான்.

குரூப்பில் அவன் எதையும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். ‘ஒரு விஷயம். நான் பொம்பளை. வயசு முப்பத்தொம்போது. இத்தனை நாள் சொல்லாதது தப்பு. மத்தபடி நான் சொன்னது எல்லாம் நெஜம்.’ பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஒருவரும் பதில் போடவில்லை. பெல் அடித்துவிட்டது. போனைப் பூட்டிவிட்டு லைனுக்குப் போனேன். அன்று மதியம் கறுப்பு நூலுக்குப் பதில் பிரவுன் நூல் ஓடியதை நான் கவனிக்கவில்லை. நாற்பது ஜோடி பிரிக்க வேண்டியதாயிற்று. மேனேஜர் ஒரு வார்த்தை கேட்டார். நானும் உட்கார்ந்து பிரித்தேன்.

மாலை பஸ்ஸில் திறந்தேன். ‘ஜோக்கா ப்ரோ?’ என்று ஷார்ஜா. ‘உண்மைதான். நான் நேர்ல பாத்தேன். எங்கப்பாவுக்கு ரத்தம் குடுத்திருக்காங்க’ என்று துறையூர். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக. ஒருவர் சொல்லாமல் குரூப்பை விட்டுப் போயிருந்தார். ஒருவர் தனியாக ‘ஹாய் மேடம், போட்டோ ப்ளீஸ்’ என்று அனுப்பியிருந்தார். அவரை அங்கேயே பிளாக் செய்தேன். தேனி ஒன்றும் எழுதவில்லை.

இன்னொரு தனிச் செய்தியும் இருந்தது. இதுவரை பேசியே பார்க்காத ஒரு ஆள். ‘ஏங்க்கா சொன்னீங்க? நானும் பொண்ணுதான். ரெண்டு வருஷமா சும்மா படிச்சுட்டு இருக்கேன். இவனுங்க தங்களுக்குள்ள பேசிக்கிறதுதான் எனக்குப் பிடிக்கும். இனிமே எல்லாம் நல்ல பிள்ளையா ஆயிருவானுங்க பாருங்க.’

அவள் சொன்னதுதான் நடந்தது. அடுத்த நாள் காலை ரோஜாப்பூப் படத்தோடு ‘காலை வணக்கம் சகோதரி’ வந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், ‘சாப்பிட்டேன் மேடம், நீங்க?’ என்று நிறுத்திக்கொண்டார்கள். நான் எதையாவது ஆரம்பித்தால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அது எனக்கு ரொம்பப் பேஜாராக இருந்தது. டீ இடைவேளையில் போனைத் திறப்பதையே சில நாள் விட்டுவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்து அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது நாங்கள் காட்பாடிக்குப் போய் ரயில் ஏற்றிவிட்டோம். பெரியவர் ஒரே மூச்சில் நாலைந்து வாக்கியம் பேசினார். துறையூர் என் வீட்டுக்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டான். ‘டூப்ளிகேட் ப்ரோ’ என்று பதிந்துகொண்டான். இப்போதும் இருவரும் கிரிக்கெட் பேசிக்கொள்கிறார்கள்.

தேனி மூன்று வாரம் கழித்துத் தனியாக எழுதினார்.

‘நீ ஆம்பளையா இரு, பொம்பளையா இரு, எனக்கு அதப்பத்திக் கவலையில்ல. ஆனா துறையூருக்கு மொதல்ல சொன்ன. என்கிட்ட சொல்லல. குரூப்ல மத்தவனோட சேத்து எனக்கும் சொல்ற. அதுலதான் எனக்குக் கோவம்.’

இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தேன், இதற்குப் பயப்படவில்லை. அவர் சொன்னது நியாயம். எத்தனையோ மதியம் எனக்கு முதலில் ‘சாப்ட்டியா’ என்று எழுதியவர் அவர்தான். மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். ‘மன்னிப்பெல்லாம் வேணாம். வாங்க போங்கன்னு ஆரம்பிக்காத, அது போதும்’ என்றார். அன்று மதியமே குரூப்பில் வந்து, சகோதரி என்று எழுதுகிற ஒருவரைப் பார்த்து, ‘ஏம்ப்பா, இது கபடி குரூப்பா, கல்யாணப் பத்திரிகையா?’ என்று கேட்டார். மெல்ல மெல்லப் பழைய மாதிரி ஆனது. முழுக்க ஆகவில்லை. கெட்ட வார்த்தைக்கு இப்போது நட்சத்திரம் போடுகிறார்கள். அது பரவாயில்லை.

பிறகு லீக்கில் ஆட்டக்காரர்களை ஏலம் எடுக்கிற நேரம் வந்தது. எங்கள் ரெய்டரை எங்கள் டீம் விட்டுவிட்டது, வேறு மாநிலத்து டீம் எடுத்துக்கொண்டது. நான் அந்த ஆள் எங்கே போனாலும் அந்தப் பக்கம்தான் என்றேன். தேனி, டீம்தான் முக்கியம், ஆள் வருவான் போவான் என்றார்.

‘அந்த ஆளுக்காகத்தானய்யா குரூப்பே ஆரம்பிச்சோம்’ என்று நான் எழுதினேன்.

‘குரூப் ஆரம்பிச்சப்ப நீ இங்க இல்லவே இல்ல. வரலாறு பேசாத.’

‘நீ இன்னா பெரிய வரலாறு? ரத்த வகை கூடத் தெரியாது உனக்கு.’

‘ஏய், கோட்டுக்குள்ள பேசு. வெளிய கால் வைக்காத.’

இரண்டு சாப்பாட்டு நேரம், ஒரு டீ இடைவேளை, மூன்று பஸ் பயணம் இந்தச் சண்டை நடந்தது. ஷார்ஜா சமாதானம் பேசப் பார்த்து இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். கடைசியில் துறையூர் அந்த ரெய்டருக்கென்று தனிக் குரூப் ஆரம்பித்தான். நான் அதில் சேர்ந்தேன். பழையதையும் விடவில்லை. அந்தப் பேசாத பெண்ணும் புதுக் குரூப்பில் சேர்ந்து, ஒருநாள் ‘ஈரோடு’ என்று மட்டும் எழுதினாள். எல்லோரும் ‘வாங்க ப்ரோ’ என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த சீசனில் அந்த ரெய்டருக்கு முழங்காலில் அடி. பாதி ஆட்டங்களில் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். தேனியின் டீம் கடைசியிலிருந்து மூன்றாவது. இரண்டு குரூப்பிலும் யாருக்கும் சந்தோஷம் இல்லை. நேற்று மதியம் அதைப் பற்றியும், ஷார்ஜா பிரஷர் குக்கர் வாங்கியதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது பெல் அடித்துவிட்டது.